இடுப்புத் துண்டு, தோள் துண்டு

திருவாரூருக்குப் போயிருக்கிறீர்களா? போகாவிட்டால் ஒரு தடவை போய்வாருங்கள். சாமி கும்பிடும் பழக்கம் இல்லாதவர் என்றாலும் பரவாயில்லை. நான் சொல்லப்போகிற ஆளுக்கும் அந்தப் பழக்கம் கிடையாது.

கோயிலுக்கு மேற்கே கமலாலயம் என்று ஒரு குளம். குளம் என்று சொல்வது நம் வாய்ப்பழக்கம், பார்த்தால் ஏரி! கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்று ஊரில் கணக்குச் சொல்வார்கள். வேலி என்றால் முள்வேலி இல்லை, நில அளவு. இருபது மா சேர்ந்தால் ஒரு வேலி. ஏக்கரில் சொன்னால் ஆறே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, குளம் மட்டுமே முப்பத்து மூன்று ஏக்கர். சாமியின் சொத்தைக்கூட வயல் கணக்கில் அளந்து பேசுகிற ஊர் அது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

1930-களின் நடுவில் ஒருநாள், பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பையன் இங்குள்ள உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர் கஸ்தூரி ஐயங்கார் முன்னால் போய் நின்றான். பள்ளியில் இடமில்லை என்றார்கள். 'சேர்த்துக்கொள்ளாவிட்டால் எதிரே இருக்கும் கமலாலயத்தில் விழுந்துவிடுவேன்' என்றான் பையன். இடம் கிடைத்துவிட்டது! பையனின் பெயர் கருணாநிதி. ஐந்து முறை தமிழ்நாட்டின் முதல்வராக இருந்தவர். 'நெஞ்சுக்கு நீதி'யில் அவரே எழுதி, எல்லோரும் திருப்பித் திருப்பிச் சொன்ன கதைதான் இது. உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அதற்கு முந்தைய கதை ஒன்று இருக்கிறது. அது இந்த அளவுக்குப் பேசப்படவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

பையனைப் படிக்க அனுப்புவதற்கு முன்னால் நாயனம் கற்றுக்கொள்ள அனுப்பினார்கள். இசை வேளாளர் குடும்பம். ஊதத் தெரிந்தால் கோயிலில் வேலை, கல்யாண வீடுகளில் கச்சேரி, எப்படியும் பிழைத்துக்கொள்வான் என்று கணக்கு. ஆனால் அந்த வகுப்பில் ராகம் தாளத்தோடு கூட இன்னொரு பாடமும் நடந்தது. மேலே சட்டை கூடாது. துண்டைத் தோளில் போடக் கூடாது, எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். பெரிய மனிதர்கள் எதிரே வந்தால் எப்படி நிற்பது என்பதும் அதில் சேர்த்தி. பையனுக்கு ஸ்வரம் பிடிக்கவில்லையோ என்னவோ, இந்தப் பாடம் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஓடி வந்துவிட்டான். அதைத் தன் முதல் அரசியல் பாடம் என்ற பொருளில்தான் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

ஒரு முழத் துண்டில் இவ்வளவு விஷயமா என்று கேட்பீர்கள். தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தது. கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

*

கருணாநிதி பிறந்தது 1924 ஜூன் 3-ம் தேதி, திருக்குவளையில். அப்போது தஞ்சை மாவட்டம், இப்போது நாகப்பட்டினம் மாவட்டம். தேவாரத்தில் அந்த ஊருக்குத் திருக்கோளிலி என்று பெயர். திருவாரூரைத் தலைமையாகக் கொண்டு தியாகராஜருக்கு ஏழு தலங்கள் சொல்வார்கள், சப்த விடங்கத் தலங்கள் என்று. நாத்திகர் பிறந்த ஊர், வளர்ந்த ஊர் இரண்டுமே அந்த ஏழில் அடங்கும்.

திருக்குவளையைப் பற்றிப் பெரியபுராணத்தில் ஒரு கதை உண்டு. சுந்தரர் திருவாரூரில் பரவை நாச்சியாரோடு குடித்தனம் நடத்துகிறார். பரவை, கோயில் கணிகையர் குலத்தில் பிறந்தவர். வீட்டுக்கு நெல் வேண்டும். குண்டையூரில் ஒரு பெரியவர் நெல்லை மலைபோலக் குவித்துக் கொடுத்துவிடுகிறார். கொடுத்தது சரி, யார் தூக்கிக்கொண்டு போவது? சுந்தரர் திருக்கோளிலிக்குப் போய்ச் சிவபெருமானிடம் கேட்கிறார். மோட்சம் கேட்கவில்லை, ஞானம் கேட்கவில்லை. நெல்லைத் தூக்க ஆள் கேட்கிறார்! ராத்திரியோடு ராத்திரியாகப் பூதகணங்கள் வந்து, நெல்லை அள்ளிக்கொண்டுபோய்த் திருவாரூர்த் தெருவெல்லாம் கொட்டிவிட்டுப் போயின என்கிறது புராணம். அதே பரவை பிறகு சுந்தரரோடு கோபித்துக்கொண்டபோது, சமாதானம் பேச சாமியே ராத்திரியில் தெருவில் நடந்து போனார் என்றும் வருகிறது.

நெல், ஆள், குடும்பம். இந்த மூன்றையும் சாமியிடமே கொண்டுபோய் வைத்துப் பேசுவது இந்த மண்ணின் குணம். இந்த ஊர்க்காரர்களுக்குக் கடவுள் எட்டாத உயரத்தில் இருக்கிறவர் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் மாதிரி. அதனாலேயே அவரோடு சண்டை போடுவதும் இங்கே சுலபம்.

ஆனால் பூதகணம் நெல் தூக்கியது புராணத்தில். நிஜத்தில் தூக்கியவர்கள் யார்?

பண்ணையாட்கள். மிராசுதாரின் வயலில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்தவர்கள், பெரும்பாலும் தலித்துகள். குடியிருக்கும் குடிசை நின்ற மண்கூட மிராசுதாருடையது. இவர்களுக்கும் துண்டுச் சட்டம் இருந்தது. தோளில் போடக் கூடாது, வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. தப்புச் செய்தால் சவுக்கடி, இல்லாவிட்டால் சாணிப்பால். மாட்டுச் சாணத்தைக் கரைத்து வாயில் ஊற்றுவது. எழுதவே கை கூசுகிறது. ஆனால் இது ஏதோ சோழர் காலத்துச் சமாசாரம் இல்லை. 1940-கள் வரை நடந்தது. தென் கன்னடத்திலிருந்து வந்த பி.சீனிவாச ராவ் என்ற கம்யூனிஸ்ட் தலைவரும், களப்பால் குப்பு போன்ற இந்த மண்ணின் ஆட்களும் கிராமம் கிராமமாகச் சங்கம் கட்டி, 1944-ல் மன்னார்குடி ஒப்பந்தத்தில்தான் சவுக்கடியையும் சாணிப்பாலையும் எழுத்தில் ஒழித்தார்கள். 'அடித்தால் திருப்பி அடி' என்பதுதான் சீனிவாச ராவ் சொல்லிக்கொடுத்த பாடத்தின் சாரம். வெளியூரிலிருந்து வந்து, தமிழ் கற்றுக்கொண்டு, 1961-ல் இந்த மண்ணிலேயே மறைந்தார். திருத்துறைப்பூண்டியில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது.

ஆக, துண்டு இடுப்பில் இருந்தது நாயனக்காரருக்கும் பண்ணையாளுக்கும். அவர்களுக்குள்ளும் மேல் கீழ் இருந்தது, அது வேறு விஷயம். துண்டைத் தோளுக்கு ஏற்ற இரண்டு வழிகள் பிறந்தன. ஒன்று செங்கொடி வழி, இன்னொன்று கறுப்புச் சட்டை வழி. தமிழ்நாட்டில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு இரண்டும் கீழத் தஞ்சையில் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தன. வயலில் செங்கொடி, கடைத்தெருவில் கறுப்புச் சட்டை என்று சொன்னால் ரொம்பத் தப்பாகிவிடாது. அந்தத் தடம் இன்னும் அழியவில்லை. நாகப்பட்டினம் மக்களவைத் தொகுதியில் 2019-லும் 2024-லும் ஜெயித்தது இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிதான்.

கட்சியே வேண்டாம் என்று தனி ஆளாகத் துண்டோடு சண்டை போட்டவர் ஒருத்தர் உண்டு: திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. நாயனக்காரர் என்றால் குடுமி, வெற்று மார்பு என்றிருந்த காலத்தில் கிராப்பு வைத்துக்கொண்டார், ஷெர்வானி போட்டுக்கொண்டார். ஒத்துக்குப் பதில் தம்பூரா வைத்தார். பாட்டுக்காரருக்கு மேடை உண்டென்றால் எனக்கும் உண்டு என்று உட்கார்ந்து வாசித்தார். சைவ ஆதீனத்தின் ஆஸ்தான வித்வான், தோடிக்குப் பேர்போனவர், 1947 ஆகஸ்டில் சுதந்திரம் வந்தபோது டெல்லிக்குப் போய் வாசித்தவர். அவருடைய கோபம், கெத்து, தாராளம் எல்லாவற்றைப் பற்றியும் தஞ்சாவூர்ப் பக்கம் ஆயிரம் கதை சொல்வார்கள். வித்தை கையில் இருந்ததால் அவருக்கு அந்தச் சண்டை சாத்தியப்பட்டது. அவ்வளவு வித்தை இல்லாத சாதாரண நாயனக்காரர் என்ன செய்வார்?

*

அந்தக் குலத்தின் பெண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெரிய மேளம் நாயனமும் தவிலும், சின்ன மேளம் சதிர். பொட்டுக் கட்டிக் கோயிலுக்கு விட்ட பெண்கள் அங்கே ஆடினார்கள், பாடினார்கள். சொத்து வைத்துக்கொள்ளலாம், படிக்கலாம். அந்தக் காலத்து மிராசுதார் வீட்டு மனைவிக்கு இல்லாத சுதந்திரம். ஆனால் அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் ஊருக்குத் தெரியும். மிராசுதாரும் மைனரும் வைத்துக்கொள்ளும் பெண் என்று ஆக்கிவிட்டார்கள்.

திருவாரூரில் 1883-ல் பிறந்து மூவலூரில் வளர்ந்த ராமாமிர்தம் அம்மையார் அந்த அமைப்புக்குள்ளிருந்தே வெளியே வந்தவர். தனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவரையே கல்யாணம் செய்துகொண்டு, ஊர் ஊராகப் போய்ப் பொட்டுக்கட்டு முறைக்கு எதிராகப் பேசினார். 1936-ல் 'தாசிகள் மோசவலை' என்று ஒரு நாவலே எழுதினார். 1938-ல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு ஒரு படை 42 நாள் நடந்தே போனது, அதில் இவரும் உண்டு. அப்போது ஐம்பத்தைந்து வயது! பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் வந்தது. முத்துலட்சுமி ரெட்டி இருபது வருஷம் போராடிய சட்டம்.

ராமாமிர்தம் அம்மையார் நடந்த அதே 1938-ல், திருவாரூர்த் தெருக்களில் பதினாலு வயதுப் பையன் கருணாநிதி தமிழ்க் கொடியைப் பிடித்துக்கொண்டு மற்ற பையன்களோடு ஊர்வலம் போனான். பட்டுக்கோட்டை அழகிரியின் பேச்சைக் கேட்டுக் கேட்டு ஏறிய சூடு. சாமி புறப்பாடு பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஊர்வலம் எப்படிப் போவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காவிரிப் பாசனத்தில் குறுவை, சம்பா, தாளடி என்று வருஷம் ஓடும். தை, மாசியில் அறுப்பு முடிந்து களத்து நெல் வீட்டுக்கு வந்துவிடும். மேட்டூர் அணை 1934-ல் வந்த பிறகு, ஜூன் 12-ம் தேதி வாக்கில் தண்ணீர் திறப்பது என்று வழக்கம். ஆக, பங்குனியிலிருந்து வைகாசி வரை வயலில் வேலை இல்லை, கையில் நெல் இருக்கிறது. தேர், தெப்பம், கல்யாணம், நாடகம், கச்சேரி எல்லாம் அந்த மூன்று மாசத்தில்தான். அரசியல் கூட்டமும் அதே பந்தலில், அதே ராத்திரி நேரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. பேச்சாளர் பதினோரு மணிக்கு மேல் வருவார். முன்னால் மேளம், வழியெல்லாம் தோரணம், மாலை, வெடி. விடிய விடிய கேட்பார்கள். கதாகாலட்சேபம் கேட்டுப் பழகிய காதுக்கு அடுக்குமொழி கசக்குமா? திராவிட இயக்கம் கோயிலை எதிர்த்தது. கூட்டம் நடத்துகிற வித்தையைக் கோயிலிடமிருந்துதான் கற்றுக்கொண்டது என்பது என் அபிப்பிராயம்.

நாகூர் ஹனீபாவையே எடுத்துக்கொள்ளுங்கள். தர்காவுக்கும் பாடுவார், தி.மு.க. மாநாட்டுக்கும் பாடுவார். இரண்டு இடத்திலும் ஒரே கணீர்க் குரல். அந்த நாகூர் தர்காவின் 131 அடிப் பெரிய மினாரைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய ராஜா பிரதாப் சிங். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதெல்லாம் அதிசயமாகவே தெரியாது.

*

சரி, தேருக்கு வருவோம்.

திருவாரூர் தேரழகு என்று ஊர் உலகமெல்லாம் சொல்லும். திருவிடைமருதூருக்குத் தெரு, மன்னார்குடிக்கு மதில், வேதாரண்யத்துக்கு விளக்கு. அலங்காரமெல்லாம் முடிந்தால் ஆழித் தேரின் உயரம் 96 அடி, எடை 300 டன் என்று கணக்குச் சொல்கிறார்கள். திருவாரூர்க்காரர் யாரையாவது பிடித்து வேறொரு ஊர்த் தேரைப் பற்றிப் பேசிப்பாருங்களேன், 'எங்க தேர் மாதிரி வருமா சார்?' என்று கோபமாகவே கேட்பார்.

இந்தத் தேர் 1926-ல் தீப்பிடித்து எரிந்தது. புதிதாகச் செய்து 1930-ல் ஓட்டினார்கள். 1948-ஓடு அதுவும் நின்றுபோனது. நின்றது நின்றதுதான். இருபத்திரண்டு வருஷம்! தேரோடாத ஊர் என்றால் டெல்டாவில் அது சாதாரண விஷயமில்லை. பெண் கொடுக்க யோசிக்கிற மாதிரி ஒரு குறை.

தேர் ஏன் நிற்கிறது என்பதற்கு எந்த ஊரிலும் மரம் இற்றுப்போவது, அச்சு முறிவது என்று காரணம் சொல்வார்கள். அது பாதிதான். அவ்வளவு பெரிய தேரை இழுக்க ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும். சுந்தரர் கேட்ட அதே ஆள்! பழைய காலத்தில் மிராசுதார்கள் தங்கள் பண்ணையாட்களை அனுப்பினார்கள். கும்பினி அரசாங்கத்தின் தாசில்தார்களே ஆள் பிடித்து அனுப்பிய காலமும் உண்டு. பண்ணையாள் 'வரமாட்டேன்' என்று சொல்லக் கற்றுக்கொண்ட பிறகு, பெரிய தேர்களுக்கெல்லாம் சங்கடம் வந்துவிட்டது.

1969 பிப்ரவரியில் கருணாநிதி முதலமைச்சர் ஆனார். 1970-ல் திருவாரூர்த் தேர் ஓடியது. திருச்சி பெல் தொழிற்சாலை இரும்பு அச்சும் சக்கரமும் செய்து கொடுத்தது. கூடவே ஹைட்ராலிக் பிரேக். அனல் மின் நிலையத்துக்கு பாய்லர் செய்கிற கம்பெனி, தியாகராஜருக்குத் தேர்ச் சக்கரம் செய்தது. இன்றைக்கு முன்னால் பக்தர்கள் வடம் பிடிக்க, பின்னால் புல்டோசர் தள்ளுகிறது. பூதகணத்துக்குப் பதில் இயந்திரம் வந்துவிட்டது.

கடவுள் இல்லை என்கிற கட்சிக்காரர் தேரை ஓட்டலாமா? கேட்கத் தோன்றுகிறதல்லவா? அவர் பக்கத்துப் பதில், எதிர்ப்புக் கோயிலுக்கு அல்ல, கோயிலை வைத்து நடக்கும் கொடுமைக்கு என்பது. 1952-ல் வந்த 'பராசக்தி'யின் வாதமே அதுதான். எதிர்த்தரப்பு, 'எல்லாம் ஓட்டுக்கு' என்றது. எனக்கு இரண்டுமே போதுமானதாகப் படவில்லை. கோயிலின் பெரிய மேளத்துக்குப் பிறந்த குலத்துப் பையன், துண்டை இடுப்பில் கட்டமாட்டேன் என்று ஓடிப்போன பையன், முப்பத்தைந்து வருஷம் கழித்து அந்தக் கோயில் தேரை 'ஓடு' என்று சொல்லும் இடத்துக்கு வந்திருக்கிறான். பக்தி இல்லாவிட்டாலும் அதில் ஒரு கணக்குத் தீர்ந்திருக்கும். 'எங்க தேர்' என்ற சொந்தமும் இருந்திருக்கும். திருவாரூரில் வளர்ந்தவருக்கு அது இல்லாமல் போகுமா?

அதே 1970-ல் இன்னும் இரண்டு காரியம் நடந்தது. நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கரிலிருந்து 15 ஆகக் குறைக்கப்பட்டது. டிசம்பரில், அர்ச்சகர் வேலை அப்பனுக்குப் பின் பிள்ளை என்று போகும் முறையை ஒழித்து மசோதா நிறைவேறியது. தேரை ஓட்டின கையோடு கருவறை வாசலையும் தட்டினார் என்று வையுங்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட் போனது. 1972-ல் தீர்ப்பு: பரம்பரை உரிமையை எடுத்தது செல்லும், ஆனால் நியமனம் ஆகம விதிப்படிதான். கதவு திறந்தும் திறக்காமலும் நின்றது. 2006-ல் மறுபடி ஆணை, பயிற்சிப் பள்ளிகள், மறுபடி வழக்கு. அந்தப் பள்ளிகளில் படித்த பல சாதி மாணவர்களில் 24 பேருக்கு 2021 ஆகஸ்டில்தான், அவர் மகன் ஸ்டாலின் முதல்வராக இருந்தபோது, பணி ஆணை கிடைத்தது. படித்து முடித்துப் பல வருஷம் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள்.

*

இதையெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு போகும்போது, திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் போகிற வழியில் கீழ்வேளூர்ப் பக்கம் இருக்கும் ஒரு கிராமத்தைத் தாண்டிப் போய்விட முடியாது. கீழ்வெண்மணி.

1968 டிசம்பர் 25. அண்ணா முதல்வர். தி.மு.க. ஆட்சிக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. கூலியாகக் கொஞ்சம் நெல் கூட்டிக் கேட்டார்கள், செங்கொடிச் சங்கத்தை விட்டு வரமாட்டோம் என்றார்கள். அதுதான் குற்றம். ராத்திரி நிலச்சுவான்தார்களின் ஆட்கள் சேரிக்குள் புகுந்தார்கள். ஓடி ஒளிந்த ஒரு சின்னக் குடிசையைச் சாத்தித் தீ வைத்தார்கள். 44 பேர். அதிகம் பெண்களும் குழந்தைகளும்.

1969-ல் கிழக்குத் தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971-ல் குடியிருப்புச் சட்டம். குடிசை நின்ற மண் குடிசைக்காரருக்கே என்று. இரண்டும் நல்ல சட்டங்கள். வெண்மணிச் சாம்பலிலிருந்து பிறந்தவை. ஆனால் வழக்கில், கீழ்க் கோர்ட் தண்டித்த நிலச்சுவான்தார்களை 1973-ல் ஐகோர்ட் விடுதலை செய்துவிட்டது. தேர்ச் சக்கரத்துக்கு இரும்பு அச்சு போட்டுக் கொடுத்த அரசாங்கத்தால், அந்த 44 பேருக்கு ஒரு தண்டனையை வாங்கிக் கொடுக்க முடியவில்லை. துண்டு தோளுக்கு ஏறியதில் எல்லோர் துண்டும் ஒரே நாளில் ஏறவில்லை. நாயனக்காரர் வீட்டுத் துண்டு கோட்டைக்கே போய்விட்டது. பண்ணையாள் துண்டுக்கு உயிரைக் கொடுக்க வேண்டியிருந்தது.

இன்னொரு வேடிக்கை. கருணாநிதி 1957-ல் குளித்தலையில் ஆரம்பித்து, 1962-ல் தஞ்சாவூரில் காங்கிரஸின் பரிசுத்த நாடாரைத் தோற்கடித்து, பிறகு சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம் என்று சென்னையிலேயே சுற்றிக்கொண்டிருந்தார். சொந்த ஊரில் நிற்க முடியவில்லை. திருவாரூர் பல காலம் தனித் தொகுதி. தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகு அது பொதுத் தொகுதியாகி, 2011-ல்தான் அங்கே நின்றார். வயது எண்பத்தேழு நெருங்கியிருந்தது. 2016-ல் மறுபடியும் நின்று 68 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். 2018 ஆகஸ்ட் 7-ம் தேதி இறந்தபோது அவர் திருவாரூர் எம்.எல்.ஏ.

*

தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விஷயம் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. ராஜராஜன் சிலையைக் கோயிலுக்குள் வைக்க வேண்டும் என்று 1970-களின் தொடக்கத்தில் கருணாநிதி ஆசைப்பட்டார். கோயில் மத்தியத் தொல்லியல் துறை வசம். டெல்லி ஒப்புக்கொள்ளவில்லை. கட்டினவன் சிலை கோயிலுக்கு வெளியே ரோட்டோரம் நிற்கிறது, இன்றும் பார்க்கலாம். 1984-ல் நடந்த விழாவுக்கு இந்திரா காந்தியும் எம்.ஜி.ஆரும் வந்துபோன சில நாளில் ஒருவர் சுடப்பட்டார், ஒருவர் படுக்கையில் விழுந்தார். அவ்வளவுதான், பெரிய கோயில் முன்வாசல் வழியாகப் போகிற அரசியல்வாதிக்குப் பதவி போகும் என்று ஒரு பேச்சு கிளம்பி, அடங்கவே இல்லை. 2010 செப்டம்பரில் ஆயிரமாவது ஆண்டு விழா. ஆயிரம் பேர் பரதம் ஆடினார்கள். முதல்வர் கருணாநிதி பக்கவாட்டு வாசல் வழியாக வந்தார் என்று பத்திரிகைகள் எழுதின. சக்கர நாற்காலிக்கு அதுதான் சௌகரியமாக இருந்திருக்கலாம். அடுத்த வருஷம் பதவி எப்படியும் போயிற்று! ஊர்வாயை மூட யாரால் முடியும்?

பகுத்தறிவு பேசிய வீட்டுக்குள்ளும் இந்த மண் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் தட்சிணாமூர்த்தி என்பார்கள். முதல் மனைவி பத்மாவதி, பாடகர் சிதம்பரம் எஸ்.ஜெயராமனின் தங்கை. நாயனத்தை விட்டு ஓடி வந்தவருக்கு இசை வீட்டிலேதான் பெண் அமைந்தது. அந்தத் திருமணத்தில் பிறந்த மூத்த மகனுக்கு முத்து. தாத்தா முத்துவேலரின் பெயரைப் பேரனுக்கு வைக்கிற நம் ஊர் வழக்கம்தான். அவரும் சினிமாவில் சொந்தக் குரலில் பாடினார். 1953 மார்ச் 1-ம் தேதி பிறந்த இன்னொரு மகனுக்கு ஸ்டாலின். அந்த வாரம்தான் மாஸ்கோவில் ஸ்டாலின் இறந்திருந்தார். ஒரே வீட்டில் ஒரு பிள்ளைக்குத் தாத்தா பெயர், ஒரு பிள்ளைக்கு ரஷ்யத் தலைவர் பெயர்! கட்சியையே குடும்பமாக்கிவிட்டார் என்று கடைசி வரை அவர்மேல் விமர்சனம் இருந்தது. அது நியாயமான விமர்சனம். இதை டெல்டாவில் யாரும் புதிதாகப் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிலமோ, கோயில் முறையோ, நாயனமோ, அப்பனிடமிருந்து பிள்ளைக்கு என்றே பழகிய ஊர்கள். அர்ச்சகர் வேலையில் பரம்பரையை ஒழிக்கச் சட்டம் போட்டவர் வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

எதிர்க்கரையில் ஜி.கே.மூப்பனாரைப் பாருங்கள். கபிஸ்தலம் பெரிய நிலக்கிழார் குடும்பம், காங்கிரஸ்காரர். திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை நடத்தும் சபைக்கு 2001-ல் இறக்கும் வரை தலைவர். பேசுவதே குறைவு. அவருடைய வேட்டி, துண்டு, நிதானம் எல்லாம் மிராசுதார் வீட்டுத் திண்ணையிலிருந்து வந்தவை. அந்த ஆராதனையிலும் ஒரு காலத்தில் சின்னக் கட்சி, பெரிய கட்சி என்று இரண்டு பிரிவு உண்டு. இரண்டிலும் பெண்கள் பாடக் கூடாது. தியாகராஜரின் சமாதிக்குச் சொந்தக் காசில் மண்டபம் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளே பொட்டுக்கட்டிய குலத்துப் பெண்தான். தான் கட்டிய இடத்தில் தனக்கே பாட அனுமதி இல்லை என்றதும், அவர் பெண்களைச் சேர்த்துக்கொண்டு பின்பக்கத்தில் மூன்றாவது கட்சி ஆரம்பித்துவிட்டார். ஒரு பத்து வருஷத்துக்கு மேல் இழுபறி. 1940-41 வாக்கில்தான் மூன்றும் ஒன்றாயின.

இந்த ஊர்ப் பேச்சை உற்றுக் கேட்டால், அரசியல் முழுக்கத் தேர்ச் சொல்லாகவே இருக்கும். கூட்டணி சேர்ந்தால் 'ஊர் கூடித் தேர் இழுக்கிறது'. காரியம் முடிந்தால் 'தேர் நிலைக்கு வந்தது'. எவனாவது குறுக்கே நின்றால் 'முட்டுக்கட்டை போடுறான்'. நாம் திட்டுவதற்குப் பயன்படுத்தும் இந்த முட்டுக்கட்டை, தேரில் ரொம்ப மரியாதையான சாமான். சக்கரத்தின் அடியில் அதைச் சரியான நேரத்தில் செருகினால்தான் தேர் வீதி முனையில் திரும்பும், ஓட வேண்டாத இடத்தில் நிற்கும். ஒரு விநாடி பிசகினால் கை போய்விடும். அதைப் போடுகிறவர்களுக்கு அது ஒரு தனித் தொழில்.

அடுத்த தடவை பங்குனி வாக்கில் தேருக்குப் போனால், முன்னால் வடம் பிடிக்கிறவர்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு சக்கரத்துக்குப் பக்கத்தில் போங்கள். பாரி நாயனச் சத்தத்துக்கும் புல்டோசர் புகைக்கும் நடுவில், கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து நிற்கிறவரைப் பாருங்கள். அவர் துண்டு இடுப்பிலும் இருக்காது, தோளிலும் இருக்காது. வெயிலுக்குத் தலையில் முண்டாசு கட்டியிருப்பார்.